குட்டியின் நிறம் சாட்சி சொல்லுமா?

நாய் டாக்டர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிறத்தைப் பற்றியவை. நம் ஊரில் நாய் குட்டி போட்டால் எத்தனை குட்டி என்று கேட்பதற்கு முன்பே என்ன கலர் என்று கேட்பார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். உண்ணி பற்றி எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: எங்கள் லேப் (லேப்ரடார்) பெட்டை நல்ல கருப்பு. பண்ருட்டியில் ஒருவர் வீட்டுக் கருப்பு லேபோடு சேர்த்தோம். எட்டுக் குட்டி போட்டது. ஐந்து கருப்பு, ஒன்று சாக்லேட், இரண்டு மஞ்சள். ஆண் நாய்க்காரர் வந்து பார்த்தார். "இது எங்க நாய்க்குப் பிறந்ததே இல்லை. உங்க தெருவில் ஒரு செவலை திரியுதே, அதைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேசியபடி அவருக்கு உண்டான ஒரு குட்டியையும் எடுத்துக்கொள்ளவில்லை. தெருவே சிரிக்கிறது. எங்கள் நாய் அப்படிப்பட்டதா டாக்டர்?
— வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அம்மா, உங்கள் நாயின் மானத்தை மரபணுவே காப்பாற்றும். கவலையை விடுங்கள்.

எல்லா நாய்க்கும் முடியில் இருப்பது இரண்டே நிறமிகள்தான். ஒன்று யூமெலனின், கருப்பு. மற்றது ஃபியோமெலனின், வெளிர் மஞ்சளிலிருந்து செம்பு வரை போகும். லேப் நாயின் நிறத்தைத் தீர்மானிப்பதில் இரண்டு மரபணுக்கள் முக்கியம். டிஒய்ஆர்பி1 என்ற மரபணு கருப்பு நிறமி கருப்பாகவே இருக்குமா, சாக்லேட்டாக மாறுமா என்று சொல்லும். எம்சி1ஆர் என்ற மரபணு அந்த நிறமி முடிக்குள் போகலாமா கூடாதா என்று சொல்லும். பேனாவில் ஊற்றிய மை எந்த நிறம் என்பது முதல் கேள்வி, மூடியைத் திறந்தோமா என்பது இரண்டாவது. மூடி திறக்கவே இல்லை என்றால் உள்ளே எந்த மை இருந்தாலும் முடி மஞ்சள்தான்.

ஒவ்வொரு மரபணுவும் குட்டிக்கு இரண்டு பிரதியாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. கருப்புக்கு ஒரு பிரதி நன்றாக இருந்தாலே போதும். அதனால் பார்க்கக் கன்னங்கரேலென்று இருக்கும் நாய் உள்ளுக்குள் ஒரு சாக்லேட் பிரதியையும் ஒரு மஞ்சள் பிரதியையும் சத்தமில்லாமல் வைத்திருக்கலாம். அப்படி இரண்டையும் வைத்திருக்கும் இரு கருப்பு லேப்கள் சேர்ந்தால், 16 குட்டிக்கு 9 கருப்பு, 3 சாக்லேட், 4 மஞ்சள் என்பது கணக்கு. எட்டுக் குட்டிக்குப் பாதியாக்கிப் பாருங்கள். உங்கள் வீட்டில் பிறந்தது ஏறக்குறைய அதேதான். ஒரே ஈற்றில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வருவது அபூர்வம். நானாக இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வேன்.

இப்போது அந்தச் செவலைக்கு வருவோம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் அவசரப்பட்டுவிட்டார். தெருநாயின் செவலை நிறம் பெரும்பாலும் ஏஎஸ்ஐபி என்ற வேறொரு மரபணுவால் வருவது. லேபின் மஞ்சளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லேப் நாய்களிடம் சிபிடி103 என்ற இன்னொரு மரபணுவில் 'முழுக் கருப்பு' வகை அநேகமாக இரண்டு பிரதியிலும் இருக்கும். அது ஒரு பிரதி வந்தாலே அந்தச் செவலையை அமுக்கிவிடும். ஆகவே உங்கள் பெட்டைக்குச் செவலை தகப்பனாக இருந்திருந்தால் குட்டிகள் பெரும்பாலும் கருப்பாகத்தான் பிறந்திருக்கும், மார்பிலும் பாதத்திலும் கொஞ்சம் வெள்ளையோடு. மஞ்சள் குட்டி பிறக்க இரண்டு பக்கமிருந்தும் மஞ்சள் பிரதி வரவேண்டும், சாக்லேட்டுக்கும் அப்படியே. அந்த மூன்று குட்டிகள்தான் லேப் தகப்பனுக்கு நல்ல சாட்சி. சந்தேகப்பட்டே தீரவேண்டும் என்றால் அவர் கருப்புக் குட்டிகளைத்தான் சந்தேகப்பட வேண்டும்!

அதையும் விளையாட்டாகச் சொல்லவில்லை. பெட்டை பருவத்தில் இருக்கும்போது சில நாள் இடைவெளியில் இரண்டு ஆண் நாய்களோடு சேர்ந்தால், ஒரே ஈற்றில் இரண்டு தகப்பனின் குட்டிகளும் பிறக்கும். அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றால் டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து அனுப்பினால் போதும், ரத்தம்கூட வேண்டாம். செலவை யார் கொடுப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு உபரிச் செய்தி. இந்த 'முழுக் கருப்பு' மரபணு எது என்று 2007-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிரெக் பார்ஷ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். கிருமியை எதிர்க்கும் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்த மரபணு அது. அது போய் நாயின் நிறத்தில் கை வைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வட அமெரிக்காவின் கருப்பு ஓநாய்களுக்கு அந்தக் கருப்பு வந்ததே நாய்களிடமிருந்துதான் என்று 2009-இல் தெரிந்தது. ஓநாயிடமிருந்து நாய் வந்த கதை தெரியும், இது திரும்பிப் போன கதை.

கேள்வி: என்னிடம் இருப்பது மஞ்சள் லேப் ஜோடி. ஒரு கருப்புக் குட்டியாவது கிடைக்குமா?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கிடைக்காது. மேலே சொன்ன மூடி இரண்டு பேரிடமும் திறக்காது. கருப்புதான் வேண்டும் என்றால் கருப்பு ஜோடிக்குப் பிறந்த குட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் ஜோடிக்குக் கருப்பு பிறந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள், அப்போது நெல்லிக்குப்பத்து மாப்பிள்ளை வீட்டுக்காரர் பேச்சை நானும் பேசுவேன்.

கேள்வி: ஒருமுறை தெருநாயோடு சேர்ந்துவிட்ட பெட்டைக்கு அப்புறம் சுத்தமான குட்டியே பிறக்காது, கர்ப்பப்பை கெட்டுவிடும் என்கிறார்கள். உண்மையா? சினையாக இருக்கும்போது பீட்ரூட் கொடுத்தால் குட்டி சிவப்பாகப் பிறக்குமா?
— வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: முதலாவது பழைய புரளி, நம் ஊரோடதும் இல்லை. 1820 வாக்கில் பிரிட்டனில் மார்ட்டன் பிரபு என்பவர் ஒரு பெண் குதிரையை குவாகா என்ற வரிக்குதிரை வகையோடு சேர்த்தார். பிறகு அதே குதிரை சாதாரணக் குதிரைக்குப் போட்ட குட்டிகளிலும் காலில் வரி தெரிந்ததாம். அந்த நூற்றாண்டு முழுக்கப் பெரிய படிப்பாளிகளே இதை நம்பினார்கள். 1890-களில் ஸ்காட்லாந்தில் காசர் யூவர்ட் வரிக்குதிரைகளை வைத்து அதே சோதனையைச் செய்து பார்த்தார். ஒன்றும் இல்லை. காலில் லேசான வரி எந்தக் குதிரைக்குட்டிக்கும் வரலாம். உங்கள் பெட்டையின் அடுத்த ஈற்றுக்கு முந்தைய தகப்பன் எந்தப் பங்கும் கொடுப்பதில்லை. கர்ப்பப்பை கெடுவது சீழ் பிடித்தால்தான். பெட்டை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துச் சோர்ந்து படுத்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பீட்ரூட்? குங்குமப்பூவுக்குக் குழந்தை சிவக்கும் கதைதான் இதுவும்.

கேள்வி: ராஜபாளையம் ஆண் குட்டி வாங்கினோம். பால் வெள்ளை, மூக்கு ரோஸ். இரண்டு மாதம் ஆகிறது. கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. திமிர் என்கிறார் என் கணவர். பெரியதானதும் ஜோடி சேர்க்க வேண்டும் என்று இப்போதே ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார்.
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: திமிர் இல்லை அம்மா, காது கேட்காமல் இருக்கலாம். உங்கள் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

நிறமி செய்யும் செல்கள் கரு வளரும்போது முதுகுத்தண்டு ஓரம் பிறந்து, அங்கிருந்து உடம்பெல்லாம் நகர்ந்து போகின்றன. கடைசியாகப் போய்ச் சேரும் இடங்கள் பாதம், மார்பு, வால் நுனி. தெருநாய்களில் சரியாக அந்த இடங்கள் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வால் நுனி வெள்ளைக்கு ராசி சொல்பவர்கள் கொஞ்சம் கவனிக்கவும். உடம்பு முழுக்க வெள்ளை என்றால் இந்தச் செல்கள் பல இடங்களுக்குப் போகவே இல்லை என்று அர்த்தம். போகாமல் விட்ட இடங்களில் உட்காதும் ஒன்றாகிவிட்டால் பிரச்சினை. உட்காதில் அந்தச் செல்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் நரம்புசெல்கள் அழிந்துவிடுகின்றன. டால்மேஷியன் என்ற புள்ளி நாயிலும் இதே கதை. எல்லா வெள்ளை நாய்க்கும் காது போகாது, ஆனால் ராஜபாளையத்தில் இதைக் கட்டாயம் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். குட்டி தூங்கும்போது அதன் பின்பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையில் போடாதீர்கள், அதிர்வில் எழுந்துவிடும். கை தட்டாதீர்கள், காற்று படும். எவர்சில்வர் தட்டைத் தொலைவில் தட்டலாம். ஒருமுறை பார்த்து முடிவு கட்ட வேண்டாம், வேறு வேறு நேரத்தில் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பித்துவிடும். அதற்கு பேயர் என்ற கருவிப் பரிசோதனை உண்டு. காதுக்குள் சத்தம் கொடுத்து மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்வார்கள். எங்கே செய்கிறார்கள் என்று கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள், புதுச்சேரி குரும்பாபேட்டில் ஒன்று இருக்கிறது.

செவிடு என்று உறுதியானால் ஜோடி சேர்க்கக் கூடாது, ஒரு காது கேட்டாலும் கூடாது. கேட்டு வைத்திருப்பவருக்கு இப்போதே இல்லை என்று சொல்லிவிடுங்கள். மற்றபடி அது நன்றாகவே வளரும். கை ஜாடை பழக்குங்கள், நாய் நம் வாயைவிடக் கையைத்தான் அதிகம் கவனிக்கும். சங்கிலி இல்லாமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள், மெயின் ரோட்டில் லாரி ஹாரன் அதற்குக் கேட்காது. தூங்கும்போது பிள்ளைகள் திடீரென்று தொடக் கூடாது. பயத்தில் கடித்துவிடும்.

கேள்வி: சாம்பலும் கருப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த மெர்ல் கிரேட் டேன் குட்டிக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். அதே நிறத்தில் ஜோடியாகவே வாங்கலாமா?
— வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: ஜோடியாக வேண்டவே வேண்டாம். மெர்ல் மரபணு ஒரு பிரதி வந்தால் திட்டு, இரண்டு பிரதி வந்தால் பல குட்டிகளுக்குக் காதும் கண்ணும் போகும். இரண்டு மெர்லைச் சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு அந்த ஆபத்து. இது தெரிந்தும் ஜோடியாக விற்பவரிடம் ஒரு குட்டிகூட வாங்காதீர்கள். அபூர்வ நிறம் என்று விலை ஏற்றுபவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

கேள்வி: எங்கள் தெருவில் செவலை ஜோடிக்கு ஒரு கருப்புக் குட்டி பிறந்திருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் மேலே பொட்டு வைத்தது போல் பழுப்பு. நாலு கண் நாய் ஆகாது, எமனுடைய நாய் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி விரட்டுகிறார்.
— கல்லூரி மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தம்பி, பாட்டி சும்மா சொல்லவில்லை. ரிக் வேதத்திலேயே எமனின் இரண்டு நாய்களுக்கு நாலு கண். அவை வழிகாக்கும் நாய்கள் என்றும் அங்கே இருப்பதைப் பாட்டியிடம் சொல். செவலை கொடுக்கும் அதே ஏஎஸ்ஐபி மரபணுவின் இன்னொரு வகைதான் இந்தப் பொட்டு. செவலைக்குப் பின்னால் பல தலைமுறை ஒளிந்திருக்கும், இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால் வெளியே தெரியும். கன்னி நாயைப் பார்த்திருக்கிறாயா? நம் தெற்குச் சீமை வேட்டை நாய், அதுவும் கருப்பில் இதே பழுப்புதான். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுவிடு. பாட்டியையும் கூட அழைத்துப் போ.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் வீடு. எங்கள் கருப்பு நாய் வர வர செம்பட்டையாகிறது. வயது மூன்றுதான். தினமும் கடற்கரைக்கு வரும். சாப்பாடு தயிர் சாதம், பால் சாதம்.
— வாசகி

பதில்: முடியை விரலால் பிரித்து வேரைப் பாருங்கள். வேர் கருப்பு, நுனி மட்டும் செம்பட்டை என்றால் வெயிலும் உப்புத் தண்ணீரும் செய்த வேலை. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், காலையில் வெயில் ஏறுமுன் கூட்டிப்போங்கள். வேரிலிருந்தே செம்பட்டை என்றால் சாப்பாட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கருப்பு நிறமி செய்ய டைரோசின் என்ற புரதக்கூறு வேண்டும், தயிர் சாதத்தில் அது போதாது. கடல் பக்கத்தில் இருந்துகொண்டு நாய்க்கு மீன் கொடுக்காமல் இருக்கலாமா? முள் எடுத்து, உப்பு புளி மிளகாய் சேர்க்காமல் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். முட்டையும் கொடுக்கலாம். கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு அதிகம்.