கைக்குழியில் சுருங்கும் கிராஸ் பட்டி: தையல் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு இரண்டு வயதில் ஒரு மகள். கோலாலம்பூர் வெயிலுக்குக் கையில்லாத காட்டன் கவுன்தான் அவளுக்குத் தாங்குகிறது, அதனால் நானே தைக்க ஆரம்பித்தேன். பாவாடைப் பகுதி, சுருக்கு எல்லாம் நன்றாக வருகிறது. கைக்குழியிலும் கழுத்திலும் பயாஸ் டேப் (விளிம்பை மூட, சாய்வாக வெட்டின கிராஸ் பட்டி) வைக்கும்போதுதான் மானம் போகிறது. ஒன்று துணி சுருங்கிக்கொள்கிறது, இல்லை டேப் அப்பளம் மாதிரி அலையலையாக நிற்கிறது. போன மாதம் மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்தும் பார்த்துவிட்டேன். கோளாறு மெஷினிலா, என் கையிலா?
ஒரு வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: மெஷினை விட்டுவிடுங்கள் தங்கச்சி, அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் எல்லா வளைவுக்கும் டேப்பை ஒரே மாதிரி பிடிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஒரு கைக்குட்டையை எடுத்து ஓரத்தோடு நேராக இழுத்துப் பாருங்கள், அசையாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள், ரப்பர் மாதிரி கொடுக்கும். நெடுக்காக ஓடும் பாவு நூலும் குறுக்காக ஓடும் ஊடை நூலும் நேராக இழுத்தால் நீளாது, 45 டிகிரி சாய்வில் இழுத்தால் அவற்றுக்கு நடுவே உள்ள சின்னச் சின்னக் கட்டங்கள் சாய்ந்து இடம் விடும். நம் ரவிக்கைக் கழுத்துக்குத் தையல்காரர் கிராஸ் பீஸ் வெட்டுவதும் இதற்காகத்தான். கடையில் அட்டையில் சுற்றி விற்கும் பயாஸ் டேப்பும் அதே சரக்குதான், மடித்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார்கள்.

கைக்குழியும் கழுத்தும் உள்பக்கம் குழிந்த வளைவு. நீங்கள் தைக்கிற கோடு துணியின் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது, அதன் சுற்றளவு பெரியது. டேப்பின் மடிப்பு வந்து உட்காரும் விளிம்போ சின்னச் சுற்று. டேப்பைத் தளர்வாக வைத்தால் அந்த மடிப்பில் நீளம் மிஞ்சிப்போய் அப்பளம் பொரியும். அதனால் இங்கே டேப்பை லேசாக இழுத்துத் தைக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒரு சாண் வளைவுக்கு ஒரு விரல் நுனி அளவு குறைவாக, கணக்கில் சொன்னால் 23 செ.மீ.க்கு ஒரு செ.மீ. அதற்கு மேல் இழுத்தால் கைக்குழி சுருக்குப் பை ஆகிவிடும், குழந்தையின் அக்குள் சிவந்துபோகும். நேர் கோட்டுப் பகுதியில் இழுக்கவே வேண்டாம்.

பாக்கெட்டின் அடி, குழந்தைக்குக் கழுத்தில் கட்டும் பிப், வட்டமாக வெட்டின கீழ்விளிம்பு எல்லாம் வெளியே புடைத்த வளைவு, அங்கே கதை தலைகீழ். மடிப்பு பெரிய சுற்றில் உட்கார வேண்டும், ஆகவே டேப்பைத் துளி இழுக்காமல், முடிந்தால் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொடுத்துத் தையுங்கள். இழுத்தீர்களோ, பாக்கெட் கிண்ணம் மாதிரி குவிந்து நிற்கும். சுருங்குவதும் அலையடிப்பதும் இரண்டும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்தே சொல்கிறேன், ஒரு இடத்தில் இழுக்கிறீர்கள், அடுத்த இடத்தில் விட்டுவிடுகிறீர்கள்.

பாதி வேலை இஸ்திரிப் பெட்டியில்தான். டேப்பை மேஜையில் கைக்குழியின் வடிவத்துக்கு வளைத்து வைத்து, மடிப்புப் பக்கம் உள்வளைவில் வருமாறு, ஈரத் துணி போட்டு அழுத்துங்கள். நேராக இருந்த டேப் பிறை நிலா மாதிரி வளைந்து அப்படியே நிற்கும். வளைந்து நிற்கிற டேப் மெஷினில் சண்டை போடாது. நான் இருபது வருடமாகத் தைக்கிறேன், இதைச் சோம்பல்பட்டு விட்ட நாளெல்லாம் பிரித்துத் தைத்த நாள்தான்.

தைக்கும் முன் இன்னொன்று. கைக்குழியை வெட்டின கையோடு, விளிம்பை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். வளைவில் சில பகுதிகள் தானாகவே சாய்வாக விழும், தூக்கி வைக்கும்போதே நீண்டுபோகும். பேட்டர்ன் (துணி வெட்டும் காகித மாதிரி) வாங்கித் தைப்பவராக இருந்தால் அதில் தையலுக்கு 1.5 செ.மீ. விட்டிருப்பார்கள். டேப் விளிம்பைச் சுற்றி மூடுகிற முறையில் அந்த 1.5 செ.மீ. தேவையில்லை, இந்த விளிம்புத் தையல் ஓட்டும் முன்பே கழுத்திலும் கைக்குழியிலும் வெட்டி எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் டேப் வைத்துவிட்டு, “கவுன் மாட்ட மாட்டேன்கிறது, குழந்தை குண்டாகிவிட்டாள்” என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

தைக்கும் விதம் சொல்கிறேன். மடித்த டேப்பின் இரண்டு பக்கமும் ஒரே அகலம் இருக்காது, ஒன்று ஒரு மி.மீ. குறுகலாக இருக்கும். குறுகலான பக்கத்தை விரித்து, கவுனின் உள்பக்கத்தில் வைத்து, அந்த மடிப்புக் கோட்டிலேயே தையுங்கள். அப்புறம் டேப்பை வெளிப்பக்கம் புரட்டினால் அகலமான பக்கம் முதல் தையலை மூடிவிடும், மேலே விளிம்பை ஒட்டி ஒரு தையல். கண்ணுக்குத் தெரிகிற தையல் உங்கள் கண் முன்னாலேயே விழுகிறது, கோணினால் அப்போதே நிறுத்தலாம். கடும் வளைவில் மூன்று தையலுக்கு ஒரு முறை ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போது துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் காலைத் தூக்கி, துணியைத் துளி திருப்பி, காலை இறக்குங்கள். இடது ஆள்காட்டி விரல் டேப்பின் மேல், காலுக்கு ஒரு அங்குலம் முன்னால் இருக்கட்டும். இழுக்கிற வேலை அந்த விரலுக்கு மட்டும், பின்பக்கமிருந்து துணியை இழுக்காதீர்கள். காட்டன் பாப்ளினுக்கு 11ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 2.5 மி.மீ. குண்டூசி நம்பிக்கை தராவிட்டால் கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் தெலுக் பெலாங்காவின் வட்டக் கழுத்தைப் பாருங்கள், காலர் கிடையாது, விளிம்பை ‘துலாங் பெலூட்’, அதாவது விலாங்கு எலும்பு என்று பெயர் வைத்த கைத்தையலில்தான் முடிப்பார்கள். அந்த வளைவுக்கே கைதான் அழகு.

டேப்பின் இணைப்பு அக்குள் தையல் பக்கம் வரட்டும், முன்னால் வேண்டாம்.

கேள்வி: மாமியார் வைத்திருந்த பாத்தேக் சாரோங்கில் பேத்திக்கு இரண்டு கவுன் வருமா? வெள்ளை டேப் வைத்தால் எடுப்பாக இருக்குமா?
ஒரு பாட்டி, பட்டர்வொர்த்

பதில்: வரும், நன்றாகவே வரும். நாள்பட்ட காட்டன் சாரோங் குழந்தை உடம்புக்குப் பூ மாதிரி இருக்கும். ஆனால் வெள்ளை டேப் பற்றி நான் என் கதையைச் சொல்லியாக வேண்டும் அம்மா. அண்ணன் மகளுக்குச் சிவப்பு பாத்தேக்கில் கவுன் தைத்து, வெள்ளை டேப் வைத்து, பிறந்த நாளுக்கு முந்தின இரவு துவைத்துக் காயப்போட்டேன். காலையில் டேப் ரோஸ் கலர், அதுவும் இடத்துக்கு இடம் வேறு வேறு ரோஸ். சிவப்பும் கருநீலமும் முதல் இரண்டு மூன்று துவைப்பில் சாயம் விடும். வெட்டும் முன் தனியாகத் துவையுங்கள், ஈரத் துணியின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை அழுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் டேப் வாங்குங்கள். டேப்பையும் நனைத்துக் காயவைத்துத்தான் தைக்க வேண்டும். காட்டன் டேப் தைத்த பிறகு சுருங்கினால் உங்கள் இழுப்புக் கணக்கெல்லாம் வீண். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் போனால் ரவிக்கை லைனிங் காட்டன் எந்தக் கலரிலும் கிடைக்கும், அதிலேயே சாய்வாக வெட்டிக்கொண்டால் இன்னும் மென்மையாக உட்காரும்.

கேள்வி: தோளில் முடிச்சுப் போடுகிற நாடா அழகாக இருக்கிறதே, கழுத்தின் பின்னாலும் அப்படிக் கட்டலாமா?

பதில்: தோளில் சின்ன முடிச்சு சரி, கழுத்துக்குப் பின்னால் தொங்குகிற நாடா வேண்டாம். விளையாட்டு மைதானத்தில் சறுக்கு மரத்தில் மாட்டிக்கொண்டால் கழுத்தைத்தான் இறுக்கும். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் தொங்கும் கயிறு கூடாது என்று ஐரோப்பாவின் ஈஎன் 14682 தரவிதியே சொல்கிறது. பட்டன் வையுங்கள், பட்டையில் இரண்டு காஜா போட்டால் வளர வளர இறக்கிக்கொள்ளலாம். தலை வழியாக மாட்டும் கவுன் என்றால் டேப் வைத்து முடித்தபின் கழுத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு 47, 48 செ.மீ. இருக்கும். தையல் விழுந்த டேப் நீளாது, 50க்குக் குறைந்தால் பின்பக்கம் ஒரு திறப்பு வேண்டும்.

கேள்வி: சொந்தமாக டேப் வெட்ட எவ்வளவு துணி எடுக்க வேண்டும்?

பதில்: துணியின் பரப்பைப் பட்டியின் அகலத்தால் வகுத்துவிடுங்கள், வருவது டேப்பின் நீளம். 50க்கு 50 செ.மீ. சதுரத்தில் 3.5 செ.மீ. பட்டி வெட்டினால் கணக்குப்படி 7 மீட்டர், இணைப்புக்குப் போக 6 மீட்டருக்குக் குறையாது. நாலாக மடித்தால் வெளியே தெரிவது சுமார் 9 மி.மீ. ஒரு குட்டிக் கவுனுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் போதும். மிச்சத்தை அட்டையில் தளர்வாகச் சுற்றி வையுங்கள், இறுக்கிச் சுற்றினால் அங்கேயே நீண்டுவிடும்.