ஜெபித்தும் நிலைமை மாறாதபோது விசுவாசம் என்ன தரும்?

"விடாமல் ஜெபிக்கிறேன், வீட்டில் எதுவும் மாறவில்லை, தூக்கமும் போய்விட்டது. கிறிஸ்தவ விசுவாசத்தால் சமாதானம் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். என் வீட்டில் கிடைத்தது. ஆனால் இப்போது உங்களைச் சுற்றியிருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும் வழியில் அது வரவில்லை. உங்கள் கஷ்டம் நோயா, கடனா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், "உங்களுக்கு விசுவாசம் போதாது" என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார் என்று அடித்துச் சொல்வேன். அந்த வார்த்தை எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் மதுரை கே.புதூர் பக்கம் குடியிருக்கிறோம், சி.எஸ்.ஐ. சபை. என் கணவர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரு விடியற்காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்க்கிறார், விரல் மடங்கவில்லை. வாயின் வலது ஓரம் தொங்கி, நுரை மோவாயில் வழிகிறது. அது அவருக்குத் தெரியவில்லை. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்கட்டு என்றார்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்; போட்டார்கள், உயிர் நின்றது. வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதிலுக்கு "ஆங்... ஆங்" என்பதற்கு மேல் வராது. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு சாப்பாடு ஊட்டுவது எப்படி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் வாக்குத்தத்த அட்டையோடு, அதாவது தேவன் தரும் வாக்குறுதி வசனம் அச்சிட்ட அட்டையோடு, வந்தார்கள். நாற்பது நாள் உபவாசம் இருந்தால் பேச்சு வந்துவிடும் என்றார் ஒருவர். வீட்டில் அறிக்கை செய்யப்படாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று, என் கணவரின் காது கேட்கவே, கேட்டார் இன்னொருவர். பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் கதையை இவர்கள் எந்த அழகில் வாசித்திருக்கிறார்கள்? அவனுடைய சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்கள்தான். பேச ஆரம்பித்த பிறகுதான் வினை. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது அவர்கள்மேல். சரியாகப் பேசினவன் என்று அவர் சொல்வது, அவ்வளவு நேரம் அவரிடமே முறையிட்டு வழக்காடிய யோபுவை.

எங்களுக்கு உதவியவர்கள் அதிகம் பேசாதவர்கள். சபையில் ஒரு விதவை அக்கா, மத்தியானம் வந்து உட்காருவார். என் கணவரின் கால் நகத்தை வெட்டிவிடுவார், துணி மடிப்பார், "நீ கொஞ்சம் படு தாயி" என்பார். ஒரு வசனமும் சொன்னதில்லை. எங்கள் போதகர் ஐயாவும் பிரசங்கம் செய்யவில்லை. பைபிளில் ஜெபப் பாட்டுகளாக இருக்கும் சங்கீதங்களில் 13, 42, 88 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "இதை உங்கள் வார்த்தையாக நினைத்து வாசியுங்கள் அம்மா" என்றார்.

13-ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதத்தில் கடைசி வரிவரை வெளிச்சமே இல்லை. சிநேகிதர்களெல்லாம் விலகிப்போனார்கள் என்ற புகாரோடு அப்படியே நின்றுவிடுகிறது. சிறு வயதிலிருந்து ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம் என்று வளர்ந்தவள் நான். இதை ஒருவரும் எனக்கு மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுதான். சிலுவையில் இயேசு சொன்னதும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி, ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற கேள்வி. அன்று இரவு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு, ஆண்டவரைக் கேள்வி கேட்டேன். நிலைமை துளியும் மாறவில்லை. ஆனால் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார், நான் கத்தினாலும் எழுந்து போகமாட்டார் என்ற உறுதி வந்தது. அன்றைக்குத் தூங்கினேன். சமாதானம் என்று நான் சொல்வது இதைத்தான். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்றும் ஆண்டவர்தான் சொல்லியிருக்கிறார். உபத்திரவமே வராது என்று அவர் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

இதெல்லாம் வெறும் மனோதத்துவம் என்று சிலர் கீழே எழுதுவார்கள். எழுதட்டும். எதிர்வீட்டு அம்மா அழகர்கோவிலுக்கு வேண்டிக்கொண்டு, எங்களுக்காகவும் அழுதார்; அவருடைய ஆறுதல் பொய் என்று நான் எங்கும் சொல்லவில்லை. மதம் மாற்றப் பார்க்கிறாள் என்றும் யாரும் கிளம்ப வேண்டாம். கேள்வி கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றியது, நான் பிழைத்த கதையைச் சொல்கிறேன்.

நம்பிக்கை என்பது வேறொரு நாள் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம், தவக்காலம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, என் மாமியார் பாடும் பழைய கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தேன். அனுபல்லவியில் எனக்கு வரி மறந்து நின்றேன். கட்டிலிலிருந்து அந்த வரி வந்தது. சொல் சொல்லாக, உச்சரிப்புத் தெளிவாக, அவர் குரலில். கீரையோடு எழுந்து ஓடினேன். அவர் அழுதுகொண்டே பாடுகிறார்.

அற்புதம் என்று நான் சாட்சி சொல்லவில்லை, சொல்லச் சொன்னவர்களுக்கும் மறுத்துவிட்டேன். இப்படிப் பேச்சு போவதற்குப் பெயர் அஃபேசியா என்றும், பேச்சை ஆளும் பகுதி பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கம் இருப்பதால் அது அடிபட்டாலும், மெட்டோடு பதிந்த பாட்டு சிலருக்குத் தப்பிவிடும் என்றும் பேச்சுப் பயிற்சி தரும் பெண் விளக்கினார். மெட்டைப் பிடித்துக்கொண்டே பேச்சை மீட்கும் பயிற்சிமுறையும் இருக்கிறதாம். இப்போது "தண்ணி வேணும்" என்பதை ராகமாக இழுத்துக் கேட்கிறார். முழுப் பேச்சு வருமா என்று தெரியாது. மருத்துவ விளக்கம் கேட்ட பிறகும் என் நன்றி குறையவில்லை.

இதனாலேயே எனக்கு ஓர் ஆதங்கம். கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் திரட்டி 1853-ல் ஆராதனைக்காக அச்சிட்டவர், நம் மதுரை அமெரிக்க மிஷனில் ஊழியம் செய்த எட்வர்ட் வெப். அந்தப் புதையலை இன்றைக்குப் பல சபைகளில் தொடுவதே இல்லை. டிரம்ஸ் சத்தத்தில் எதையும் நெஞ்சில் பதியவைக்க முடியாது. நாளைக்குப் பேச்சிழக்கும் ஒருவருக்கு எந்தப் பாட்டு உள்ளே மிஞ்சியிருக்கும்?

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இன்னொன்று, யாருக்காவது உதவும். அவருடைய வலது கை போனதால் கையெழுத்து மாறிவிட்டது என்று, அவர் பணத்தை அவருக்கே தராமல் ஒரு வங்கி எங்களை அலைக்கழித்தது. நோயாளியின் கைப் பெருவிரல் அல்லது கால்விரல் ரேகையை, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன்னால், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க, ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையே இருக்கிறது. அதை அச்சடித்து மேஜையில் வைத்த பிறகுதான் வேலை நடந்தது. வைத்தியச் செலவுக்குப் பணம் எடுக்க ஒரு மனிதன் எத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டும்?

உங்களுக்கு வருகிறேன். தூக்கம் அறவே இல்லை என்றால், அதற்கு முதலில் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். விசுவாசி மாத்திரை சாப்பிடக்கூடாது என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்கு, முதலில் கிடைத்தது தூக்கமும், தேவதூதன் தந்த சுட்ட அடையும் தண்ணீரும்தான். பிறகு 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். சத்தமாக வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்துக்கு மேல் வாய் வரவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மறுநாளும் அங்கிருந்தே தொடங்கலாம்.