பிரிண்டிசிக்கு வரப்போகும் தம்பிக்கு

தம்பி, மன்னார்குடியில் கிடங்குக் கணக்குப் பார்ப்பதாகவும், இத்தாலியில் பிரிண்டிசி நகரில் ஐ.நா. அமைதிப்படைக்குச் சாமான் அனுப்பும் தளத்தில் வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஒன்று கூப்பிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அமைதிப்படை என்றதும் அம்மா அழுகிறார், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். நான் திருத்துறைப்பூண்டிக்காரன், பதினெட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். இங்கே சண்டை எதுவும் கிடையாது. விமான நிலையத்தை ஒட்டிய பெரிய கிடங்கு இது. ஜெனரேட்டர், தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம், வெள்ளை வண்டிகள் என்று அடுக்கி வைத்திருக்கும்.

1994இல் இத்தாலி அரசு வாடகை வாங்காமல் கொடுத்த இடம். ஒரு நாட்டில் ஐ.நா. அமைதிப்பணி முடிந்ததும் மிஞ்சும் சாமான்களை இங்கே கொண்டுவந்து, பழுது பார்த்து, அடுத்த நாட்டுக்கு அனுப்புவதுதான் அன்றைய வேலை. இன்றும் அது நடக்கிறது. ஒருமுறை வந்த ஜெனரேட்டரின் காற்று வடிகட்டியில் ஆப்பிரிக்கச் செம்மண் அடை அடையாக அப்பியிருந்தது. கழுவி, வடிகட்டி மாற்றி, சுமை ஏற்றி ஓடவிட்டோம். சத்தம் சீரானதும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே!

2000இல் அல்ஜீரியாவின் லக்தர் பிராஹிமி தலைமையிலான குழு, பாதுகாப்பு அவை தீர்மானம் போட்டால் சாதாரணப் பணி 30 நாளிலும் சிக்கலான பணி 90 நாளிலும் களத்தில் இருக்க வேண்டும் என்றது. தீர்மானம் வந்த பிறகு டெண்டர் விட்டு வாங்கினால் நடக்குமா? அதனால் 2002இல் 14 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, ஒரு முழுப் பணிக்கு வேண்டிய சாமான்களை முன்கூட்டியே இங்கே வாங்கி வைத்தார்கள். நம் வீட்டில் விதைநெல்லைத் தனியே கட்டி வைப்போமே, அதேதான். ஒரு வித்தியாசம்: எந்தப் பணிக்கு எடுத்தார்களோ, அந்தப் பணியின் காசிலேயே திரும்ப நிரப்ப வேண்டும். 2009இல் ஸ்பெயினின் வலென்சியாவிலும் தகவல் தொடர்புக்கு ஒரு துணைத்தளம் வந்தது.

சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் பழைய துணி தெருவோரம் மலையாகக் குவிந்து கிடந்ததை நான் பார்த்தேன். கட்டிக்கொள்ள ஆளில்லை. அங்கே கேட்டதெல்லாம் குடிதண்ணீர், சமையல் பாத்திரம். எது, எங்கே, என்றைக்கு என்பதுதான் உதவி என்று அன்றைக்குப் புரிந்தது. கிடங்குக் கணக்கைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். அட்டையில் ஓர் எண் தப்பினால் தெற்கு சூடானில் ஓர் அமைதிப்படை முகாம் இருட்டில் கிடக்கும். அங்கே நம் ராணுவத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். ஆள் எடுக்க ஐ.நா. எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. அதன் பெயரைச் சொல்லி ஏஜென்ட் காசு கேட்டால் விலகிவிடுங்கள். 'நுல்லா ஓஸ்தா' என்ற வேலை அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் இப்போதைய வேலையை விடவேண்டாம். வந்து இறங்கி 8 வேலை நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தளத்துக்குள் ஆங்கிலம் போதும், காய்கறிக்கடையில் இத்தாலியன்தான். எண்களையாவது இப்போதே பழகுங்கள்.

தையில் ஊருக்கு வருகிறேன். மன்னார்குடி வந்து அம்மாவிடம் நானே பேசுகிறேன்.