கள்ளச்சாராயம் காய்ச்சிய மலையூர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஏன்?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலையூர்களைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் எனக்குப் பழக்கமானது ஒரே ஊர்: ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருக்கும் டாசன்வில். வருடா வருடம் அக்டோபரில் மூன்ஷைன் (கள்ளச்சாராயத்துக்கு அங்கே வழங்கும் பேர்) பெயரிலேயே திருவிழா எடுக்கிறார்கள். முதலில் கேள்விப்பட்டபோது சிரிப்புதான் வந்தது.

பிறகு ஒரு நண்பர் அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். லாயிட் சே என்பவரின் கல். அதில் 1939 மாடல் ஃபோர்டு கார் ஒன்றைப் புடைப்பாகச் செதுக்கி, டிரைவர் ஜன்னல் இருக்கும் இடத்தில் அவருடைய புகைப்படத்தைப் பதித்திருக்கிறார்கள். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். செத்தபோது வயது 21.

மலைச்சரிவில் மக்காச்சோளம் விளையும். அதை மூட்டை மூட்டையாகக் கரடுமுரடான பாதையில் இறக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனால் கூலிக்கே கட்டாது. காய்ச்சிவிட்டால் அதே விளைச்சல் சில குடங்களில் அடங்கிவிடும், விலையும் கிடைக்கும். ஜார்ஜியாவில் 1908-லேயே மதுவிலக்கு வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 1920-ல்தான். பக்கத்திலேயே அட்லாண்டா என்ற பெரிய ஊர் தொண்டை வறண்டு கிடந்தது. வேறென்ன வேண்டும்? 1933-ல் நாட்டளவில் விலக்கு போன பிறகும் வரி இருந்ததால், வரி கட்டாத சரக்குக்குக் கிராக்கி குறையவில்லை.

சரக்கை நகரத்துக்கு ஓட்டிப்போன பையன்களுக்கு ‘ட்ரிப்பர்’ என்று பேர். நடைக்கு ஏறக்குறைய நூறு கேலன், அதாவது சுமார் 380 லிட்டர். அந்தப் பாரத்தில் கார் பின்பக்கம் தொங்கினால் போலீஸ் கண்டுபிடித்துவிடும் என்று பின்னால் கெட்டியான ஸ்பிரிங் போட்டார்கள். வினோதம் என்னவென்றால், சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதுவும் காட்டிக்கொடுக்கும்!

இந்தப் பையன்கள்தான் மண் தடங்களில் பந்தயமும் ஓட்டினார்கள். 1941 செப்டம்பர் 1 அன்று அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் லாயிட் சே ஜெயித்தார். மறுநாளே உறவுக்காரர் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். தகராறு, ஊறலுக்குக் கடனில் வாங்கிய சர்க்கரை யார் கணக்கில் ஏறுவது என்பதில். சோளத்தோடு சர்க்கரை மூட்டைகளையும் கொட்டினால்தான் ஊறலில் கட்டுப்படியாகும். அதனால் சாராயக் கணக்கு என்பதே பாதி சர்க்கரைக் கணக்குதான்.

அந்தக் கல்லை வைத்தவர் ரேமண்ட் பார்க்ஸ். அதே ஊர்க்காரர், அதே தொழிலில் காசு பார்த்து, பிறகு பந்தயக் கார்களுக்குச் சொந்தக்காரரானவர். 1949-ல் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பின் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ (கடையில் விற்கும் கார்களுக்கான பந்தயம்) பட்டத்தை ரெட் பைரன் என்ற ஓட்டுநர் வென்றது இவருடைய காரில்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கவனித்துப் பார்த்தால் அவர்கள் கொண்டாடுவது காரை. பழைய கார் ரேடியேட்டர் வழியாக ஆவியைக் குளிரவைத்து, அதன் ஈயப் பற்று சரக்கில் கலந்து குடித்தவர்கள் நோய்ப்பட்ட கதை அப்பலாச்சியா முழுக்க உண்டு. நான் போன அன்று அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுப்புக்கு விறகு தள்ளியவன் பெயரும் எந்தக் கல்லிலும் கண்ணில் படவில்லை. ஆனால் அந்த ஊரின் கார் பந்தயக் குடும்பமான எலியட் குடும்பத்தார் பந்தயத்தில் ஜெயித்தால், பில்லியர்ட்ஸ் கடைக் கூரையிலிருந்து இன்றும் சைரன் ஊதுகிறது.