கற்பூரம் அணைவதற்குள் தறி ஓடலாமா?

கேள்வி: ஆயுத பூஜைக்கு எங்கள் விசைத்தறிக் கூடத்தில் எல்லாத் தறிக்கும் பொட்டு வைத்து மாலை போட்டோம். கற்பூரம் காட்டி, ரோட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்த ஒரு மணி நேரத்தில், "தீபாவளி ஆர்டர் நிற்குது, ஓட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டார் முதலாளி. கேட்டால், பூஜைதான் முடிந்ததே என்கிறார். இரும்புக்கு எதற்குப் பூஜை? இதற்கு என்னதான் அர்த்தம்?
– வாசகர், இளம்பிள்ளை, சேலம் மாவட்டம்

பதில்: பூஜை முடியவில்லை. உங்கள் முதலாளி அதைப் பாதியில் கலைத்துவிட்டார்.

மகாநவமி அன்று கருவியைச் சாமி முன்னால் வைக்கிறோம். வைத்ததை அன்று எடுக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமியில் மறுபடி விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிய புத்தகத்தைப் பிள்ளைகள் அன்று தொட்டால் வீட்டுப் பெரியவர்கள் கையைத் தட்டிவிடுவார்கள் அல்லவா, அதே விதிதான் தறிக்கும். தறியைத் தூக்கிப் பூஜையறையில் வைக்க முடியாது. அதனால் இருக்கிற இடத்திலேயே நிறுத்தி வைக்கிறோம். என் சின்ன வயதில், கைத்தறி ஓடிய எங்கள் அம்மாப்பேட்டைத் தெருவில் ஆயுத பூஜை வந்துவிட்டதை எங்களுக்குச் சொன்னதே அந்த அமைதிதான். வருஷம் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருந்த தறிச் சத்தம் அன்று இருக்காது. பக்கத்து வீட்டில் பேசுவது கேட்கும்.

ஒன்பது இரவு போரிட்டு துர்க்கை மகிஷனை வென்றது, வடக்கே சொல்கிறபடி ராமன் ராவணனை வென்றது எல்லாம் நீங்கள் அறிந்த கதைகள். உங்கள் கேள்விக்குப் பொருந்துவது பாண்டவர் கதை. அஞ்ஞாதவாசம் போகுமுன் அவர்கள் ஆயுதங்களை வன்னிமரத்தில் கட்டி வைத்தார்கள். அந்த வருஷம் முழுக்க அர்ஜுனன் விராடன் அரண்மனையில் நடனம் சொல்லிக்கொடுத்தான், காண்டீபத்தைத் தொடவில்லை. திரும்ப எடுத்த நாள் விஜயதசமி என்பது நம்பிக்கை. கொங்குக் கோயில்களில் வாழைமரத்தோடு வன்னிக் கிளையைக் கட்டி அன்று அம்பு போடுகிறார்களே, அந்த வன்னி இதுதான்.

இரும்புக்கு எதற்குப் பூஜை என்கிறீர்கள். 1965 வரை நம் சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் ஊர். அவனுக்காகத் தூது போன ஔவையாருக்குக் காஞ்சி மன்னன் தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்டினான். அதைப் பார்த்து அவர் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இங்கே உள்ளவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன; அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். ஆயுதத்துக்கு மாலையும் நெய்யும் அன்றே உண்டு என்பது இதில் தெரிகிறது. ஆனால் ஔவையார் மதித்தது எதை என்று பாருங்கள். வேலை செய்து தேய்ந்து, பழுது பார்க்கப் போன அந்த வேல்களைத்தான்.

உங்கள் தறியும் ராத்திரி பகலாக ஓடித் தேய்ந்தது. அதற்கு மாலை மட்டும் போதாது. முந்தின நாளே பஞ்சுத் தூசியைத் தட்டி, எண்ணெய் விட்டு, இற்றுப்போன பெல்ட்டையும் ஊடை நூலைக் கொண்டுபோய்த் தேய்ந்த நாடாவையும் மாற்றி, தோல் உரிந்த வயரைச் சரிசெய்திருந்தால் அதுவே பெரிய பூஜை. தறி நிற்கும்போதுதான் இதையெல்லாம் செய்யவும் முடியும். தறி ஓட்டுகிறவருக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற பெண்களுக்கும் அந்த ஒரு நாள்தான் முதுகு நிமிரும்.

விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் நடுவே பதினெட்டு, பத்தொன்பது நாள்தான். இளம்பிள்ளைச் சேலைக்கு அது எவ்வளவு நெருக்கடியான சமயம் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம், நான்கு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும் சம்பளத்தோடு கொடுக்கச் சொல்கிறது. உங்கள் கூடத்தின் விடுமுறைப் பட்டியலில் ஆயுத பூஜை இருந்தால், அன்று வேலை வாங்கியதற்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை தர வேண்டும். பட்டியலைக் கேட்டுப் பாருங்கள், தனியாகப் போகாமல் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

பூசணிக்காயை ரோட்டில் உடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதில் உங்களையும் கோபித்துக்கொள்கிறேன். குங்குமத் தண்ணீரும் பூசணிச் சதையும் கிடக்கிற ரோட்டில் ராத்திரி பைக்கில் வருகிறவர் சறுக்கி விழுந்தால், உங்கள் திருஷ்டியை அவர் தலையில் கழித்ததாக ஆகாதா? அடுத்த முறை வாசலுக்குள்ளேயே ஓரமாக உடையுங்கள். கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னாலேயே துடைப்பமும் ஒரு சாக்கும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.