நிதி ஆலோசகருக்கு ஆவணங்களை எப்படி அனுப்புவது?

கேள்வி: ஓய்வுக்காலச் சேமிப்பைத் திட்டமிடுவதற்காக நிதி ஆலோசகர் ஒருவரை அமர்த்தியிருக்கிறேன். வங்கிக் கணக்கு அறிக்கைகள், வருமான வரிக் கணக்கு, முதலீட்டு விவரங்கள், அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்கிறார். பிடிஎஃப் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டால் போதும் என்கிறார். கணக்கைத் தாமே பார்த்துக்கொள்வதற்காக இணைய வங்கியின் கடவுச்சொல்லையும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இணைய வங்கிக் கடவுச்சொல்லையோ கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணையோ அவருக்குக் கொடுக்கவே கூடாது. ஆலோசனை சொல்லக் கணக்கு விவரம் தெரிந்தால் போதும். கணக்கை இயக்கும் அதிகாரம் எதற்கு? பின்னர் பணம் காணாமல் போனால், கடவுச்சொல்லை நீங்களே பகிர்ந்தீர்கள் என்று சொல்லி வங்கி கைவிரிக்கவும் இடமுண்டு.

மின்னஞ்சல் என்றதும் வழியில் யாராவது படித்துவிடுவார்களோ என்றுதான் பலரும் அஞ்சுகிறார்கள். பெரிய மின்னஞ்சல் சேவைகளுக்கிடையே செல்லும் அஞ்சல்கள் பெரும்பாலும் குறியாக்கம் செய்யப்பட்டே, அதாவது வழியில் பிறர் படிக்க முடியாத வடிவில் மாற்றப்பட்டே செல்வதால், போய்ச் சேர்ந்தபின் அவை எங்கெல்லாம் கிடக்கின்றன என்பதே எனக்குப் பெரிய கவலையாகத் தெரிகிறது. நீங்கள் அனுப்பிய அஞ்சல்களின் பகுதியில் ஒரு நகல், அவருடைய அஞ்சல் பெட்டியில் ஒன்று, அவர் உதவியாளருக்கு அனுப்பியிருந்தால் அங்கும் ஒன்று என்று பரவிக் கிடக்கும். பல ஆண்டுகள் கழித்து அவற்றில் ஏதேனும் ஒரு பெட்டி களவாடப்பட்டாலும், திருடியவர் தேடுமிடத்தில் 'வங்கி' என்று தட்டினால் அத்தனையும் வந்து நிற்கும். ஆகவே, வாடிக்கையாளர்கள் ஆவணங்களைப் பதிவேற்றுவதற்கென்று இருபடிச் சரிபார்ப்புடன் (கடவுச்சொல்லோடு ஓடிபி போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் முறை) கூடிய பாதுகாப்பான தளம் அவரிடம் உள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால், மேகச் சேமிப்பில் (இணையவழிக் கோப்புச் சேமிப்பகத்தில்) கோப்புகளை வைத்து, லிங்க் கிடைத்த எவரும் திறக்கலாம் என்ற அமைப்பை நீக்கி, அவருடைய மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வேலை முடிந்ததும் அனுமதியைத் திரும்பப் பெற்றுவிடலாம். ஆனால் அவர் இறக்கி வைத்துக்கொண்ட நகல் அதனால் அழியாது.

கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் மோசமான வழியன்று. ஆனால் அதன் காப்பு கடவுச்சொல்லின் வலிமையைப் பொறுத்தது. பிறந்த தேதியை வைத்தால் எட்டு இலக்கம் இருக்கிறதே என்று தோன்றும். நூறு ஆண்டுகளில் இருப்பவையோ ஏறத்தாழ 36,525 தேதிகள்தாம். அத்தனையையும் முயன்று பார்க்கக் கணினிக்கு அதிக நேரம் ஆகாது. தொடர்பற்ற நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். அதை அதே அஞ்சலிலோ அடுத்த அஞ்சலிலோ அனுப்பாமல், தொலைபேசியில் சொல்லுங்கள்.

எதை அனுப்புவது என்பதிலும் சிக்கனம் வேண்டும். ஓராண்டின் ஒவ்வொரு செலவையும் காட்டும் அறிக்கை அவருக்கு உண்மையிலேயே தேவையா, மாத இறுதி இருப்பும் வரவு செலவுத் தொகையும் போதுமா என்று கேட்டுவிடுங்கள். கணக்கு எண்ணை மறைக்க பிடிஎஃப் கோப்பின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்புவோர் உண்டு. அடியில் இருக்கும் எழுத்து அப்படியே இருப்பதால், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டினாலே எண் தெரிந்துவிடும். அச்சிட்டு, எண்ணின் மேல் தாளை ஒட்டி மறைத்து ஸ்கேன் செய்வது பழைய முறைதான் என்றாலும் நம்பத்தக்கது. அடையாள அட்டை நகலின் குறுக்கே, யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிவிடுங்கள்.

ஆவணங்களை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில ஆண்டுகள் பாதுகாக்கும் சட்டக் கடமை அவருக்கு இருக்கலாம். ஆகவே உடனே அழித்துவிடச் சொல்வது எப்போதும் நடக்காது. இடையில், முகவரி மாறிவிட்டது, இனி இங்கே அனுப்புங்கள் என்று அவர் பெயரில் அஞ்சல் வந்தால் அதற்குப் பதில் எழுதாமல், முன்பே உங்களிடம் உள்ள எண்ணில் அழைத்து உறுதிசெய்த பின்னரே எதையும் அனுப்புங்கள்.