நோட்டு காலி, ஊரெல்லாம் கிழங்கு: மகள் பின்தங்கிவிடுவாளா?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் நாலாம் வகுப்பு, ஏற்காடு அடிவாரத்தில் எல்லாவற்றையும் புராஜெக்டாகவே நடத்தும் சின்னப் பள்ளி. ஒன்றரை மாதமாகக் குச்சிக்கிழங்குதான் (மரவள்ளி) பாடமாம், நோட்டில் பத்துப் பக்கம்கூட இல்லையாம். ஆறாம் வகுப்புக்கு டவுனில் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றினால் தடுமாறுவாளா என்று பயம். இதற்குள் ஒரு அட்மிஷன் ஆலோசகர் வேறு, "என்ட்ரன்ஸ் இருக்கு, பிரிட்ஜ் கோர்ஸும் சீட்டும் சேர்த்து 40 ஆயிரம்" என்கிறாராம்.

அம்மா, முதலில் அந்த 40 ஆயிரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்குத் தேர்வு வைக்கவே கூடாது, குழந்தைக்கும் கூடாது, உங்களுக்கும் கூடாது. மீறினால் பள்ளிக்கு முதல் முறை 25 ஆயிரம், அடுத்தடுத்த முறை 50 ஆயிரம் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல 10 மடங்கு வரை. சும்மா பேசிப் பார்க்கிறோம் என்று சொல்லி வினாத்தாளை நீட்டும் பள்ளிகள் இருக்கத்தான் செய்கின்றன. கேள்வி கேட்க வேண்டிய அதிகாரிகள் ஆண்டு விழா மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் கேட்பது? அந்தத் தைரியத்தில்தான் இந்த ஆலோசகர்கள் பிழைக்கிறார்கள்.

சரி, கிழங்குக்கு வருவோம். ஒரு கிலோ கிழங்கைத் துருவிப் பிழிந்து பாலைத் தெளியவைத்து, அடியில் படிந்த மாவைக் காயவைத்து நிறுத்துப் பார்த்தாளா என்று கேளுங்கள். 200 கிராம் தேறியிருந்தால் அது ஐந்தில் ஒரு பங்கு, பின்னக் கணக்கு அங்கேயே முடிந்தது. கிழங்கை ஜவ்வரிசியாக்கும் சேகோ ஆலையில் ஏன் 'இத்தனை பாயிண்ட்' என்று மாவுச்சத்தை அளந்து விலை போடுகிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்திருந்தால், ஒன்றரை மாதம் வீண் இல்லை. நோட்டு நிறைந்திருப்பது படிப்புக்கு அடையாளம் இல்லை, அது அதிகாரி வந்தால் சிவப்பு மை டிக்கைக் காட்டுவதற்கு. பிள்ளைகளே அட்டைகளை எடுத்து ஏணிப்படி மாதிரி படிப்படியாகச் செய்து படிக்கும் செயல்வழிக் கற்றலை அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் கொண்டுபோய்ப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் நோட்டைத்தான் புரட்டுகிறார்கள்!

புராஜெக்ட் என்ற பெயரில் நடக்கும் கூத்தும் உண்டு. தெர்மாகோலில் ரெடிமேடாக எரிமலை, மேட்டூர் அணை, சூரியக் குடும்பம் எல்லாம் கடையிலேயே கிடைக்கும், அப்பா ராத்திரி பத்து மணிக்கு ஓடிப்போய் வாங்கி வருவார், காலையில் குழந்தைக்கு ஸ்டார். இதில் படித்தது கடைக்காரர் மட்டும்தான். உங்கள் பள்ளியிலும் இப்படி வாங்கி வரச் சொன்னால் யோசியுங்கள். மகளிடம் "எது தப்பாப் போச்சு?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், கையால் செய்த குழந்தையிடம் இதற்குக் கட்டாயம் ஒரு கதை இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் பயப்படுவேன்: வாசிப்பு. குழு வேலையில் நன்றாக வாசிக்கும் பிள்ளை வாசிக்கும், எழுதும். வாசிக்க வராத பிள்ளை கூடை தூக்கும், படத்துக்கு வண்ணம் அடிக்கும், சந்தோஷமாக வீட்டுக்கு வரும், யாருக்கும் தெரியாது. ஐந்தாம் வகுப்பில்தான் குட்டு உடையும். அதனால் இன்று ராத்திரியே, அவள் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறாளா, வாசித்ததைத் தன் வார்த்தையில் சொல்கிறாளா என்று பாருங்கள். மனப்பாடமாக இருக்கும் பழைய பாடம் வேண்டாம், அதில் எல்லாப் பிள்ளையும் ஏமாற்றும். அப்புறம் 503இல் 178ஐக் கழிக்கச் சொல்லுங்கள், நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தில் மாட்டிக்கொள்கிறாளா என்று தெரிந்துவிடும்.

இரண்டும் வந்தால் ஆறாம் வகுப்பில் முதல் மூன்று மாதம் நோட்டு எழுதிக் கை வலிக்கும், அவ்வளவுதான். வராவிட்டால் ஆலோசகரிடம் போகாதீர்கள், வகுப்பு ஆசிரியையிடம் போய் தினமும் அரை மணி நேரம் வாசிப்புக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். இன்னும் முழுசாக ஒரு வருடம் கையில் இருக்கிறது.